பழுப்பேறிய லென்ஸும் கெம்பு அட்டியலும்

நீங்கள் கைபேசியில் அனுப்பும் லென்ஸ் படங்கள் எல்லாம் எனக்கு வந்து சேருகின்றன. "ஆன்டி, பழைய மேக்ரோ, சூப்பர் கண்டிஷன், க்ளோசப்புக்கு வாங்கலாமா?" என்று கேட்கிறீர்கள். நான் உடனே பதில் போடுவதில்லை. அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் என் மேல் வருத்தப்படுகிறீர்கள். உண்மையைச் சொல்கிறேன். பளபளவென்று துடைத்து வைத்த பழைய லென்ஸைப் பார்த்தால் எனக்கு ஆசை வருவதில்லை. இதை ஏன் விற்கிறார்கள் என்ற கேள்விதான் வருகிறது.

பிலிம் கேமரா மறுபடியும் மோஸ்தராகிவிட்டது, சந்தோஷம். ஆனால் தூரத்துக் காட்சி எடுப்பவர் ஏமாந்தால் ஒரு படம் கெடும், அவ்வளவுதான். நீங்களும் நானும் செய்வது கிட்டப் போய் எடுக்கும் வேலை. பல், தோல், நகை, பூச்சி, கையெழுத்து என்று எதை எடுத்தாலும், அந்தப் படத்தை வைத்து யாரோ ஒருவர் ஒரு முடிவுக்கு வருவார். அந்த முடிவில் இன்னொருவர் மாட்டிக்கொள்வார். அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. அப்பா ரயில்வேக்காரர், குவார்ட்டர்ஸில் இருந்து நடந்தே வேலைக்குப் போய்விடுவேன். கல்யாணப் படங்களுக்கு டச்சப் செய்யத்தான் சேர்ந்தேன். கல்யாண வேலைக்குப் போட்டி அதிகமானதும் முதலாளி க்ளோசப் வேலைக்குத் திரும்பினார். வக்கீல்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், பல் டாக்டர்கள், ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நானும் அதைக் கற்றுக்கொண்டேன். கொஞ்ச காலத்தில் பாதிக்கு மேல் நான்தான் எடுத்தேன்.

முதலாளியை நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டு ஸ்டூடியோ வைத்தவர். அவரைப் போலச் சந்தேகப்படும் மனிதரை நான் பார்த்ததில்லை. புதுப் பிலிம் பெட்டி வாங்கினால் பெட்டியின் தேதியை நம்ப மாட்டார், ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார். வாடிக்கையாளர் தன் பெயரைச் சொன்னால்கூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எழுதுவார்.

ஒரு தடவை மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு சந்துக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். பெல்லோஸ் ஒன்று விலைக்கு வந்திருந்தது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக நீளும் கறுப்புத் தோல் பெட்டி அது. எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு கிட்டத்தில் எடுக்கலாம். தோல் புதிதுபோல மின்னியது. எனக்குப் பிடித்துவிட்டது. சார் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

கடைக்காரர் சிரித்தார். "என்னண்ணே, மோந்து பாக்குறீங்க. கருவாடா விக்கிறோம்?"

"சப்பாத்துப் பொலிஷ் மணக்குது, தம்பி" என்றார் சார்.

கடை விளக்கை அணைக்கச் சொல்லி, பெல்லோஸுக்குள் டார்ச்சை விட்டு நீட்டினார். மடிப்பு ஓரமெல்லாம் ஊசிக் குத்து ஊசிக் குத்தாக வெளிச்சம் கசிந்தது. பொத்தல்களை ஷூ பாலிஷ் போட்டு அடைத்திருந்தார்கள். மாட்டி எடுத்திருந்தால் எல்லாப் படத்திலும் புகை படிந்திருக்கும்.

"நான் வாங்குறப்பவே அப்படித்தான் இருந்திச்சு, அண்ணே" என்றார் கடைக்காரர். அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொன்ன மாதிரி இல்லை. அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். விற்பவர் நல்லவரா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நல்லவர் கையிலும் கெட்ட சாமான் இருக்கும்.

இதைச் சார் எனக்குச் சொன்னதில்லை. அவரே அதை மறந்து போன ஒரு சமயத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

சாரோடு முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போனார். போகும் முன் தன்னிடம் இருந்த பழைய லென்ஸ் ஒன்றைச் சாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கனமான, அழகான லென்ஸ். முன்பின்னாகத் திருப்பி மாட்டி, ஸ்டூடியோவில் இருந்த பெல்லோஸோடு சேர்த்தால் எறும்பின் கால் மயிர்கூடத் தெரியும். சார் அதை முகர்ந்து பார்க்கவில்லை, டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. வெல்வெட் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். கறுப்பு வெள்ளை வேலைக்கு அவ்வப்போது எடுப்பார். படங்கள் ஊசி முனைபோல இருக்கும். நாங்கள் யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது அட்டியல் கதைக்கு வருகிறேன்.

சரோஜினி, ராஜேஸ்வரி என்று இரண்டு சகோதரிகள். அம்மா இறந்தபோது ஒரு கெம்பு அட்டியலை இருவருக்கும் பொதுவாக விட்டுப் போயிருந்தார். நடுவில் பெரிய சிவப்புக் கல், சுற்றிச் சின்னக் கெம்புகள், கீழே முத்துத் தொங்கல். வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அன்று அவள் கழுத்தில் அது இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மூத்தவர் சரோஜினியின் பேங்க் லாக்கரில் இருந்தது. இன்சூரன்ஸுக்காக, கழுவியதும் பிலிமே கலர் படமாகிவிடும் ஸ்லைடு பிலிமில் அதை எங்கள் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அந்த வாரம் நான் லீவில் இருந்தேன், தங்கைக்குப் பிரசவம். சார்தான் எடுத்தார். ஸ்லைடு எங்கள் பெட்டியில் இருந்தது. அதில் இருந்து போட்ட பெரிய பிரிண்ட் ஒன்றை இளையவர் ராஜேஸ்வரி ஆல்பத்தில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அட்டியல் லாக்கரிலேயே கிடந்தது. சரோஜினி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் வெளியே வந்தது. நடுக்கல் ஆடுகிறது, கொக்கி வளைந்திருக்கிறது என்று சரோஜினி அதைக் கிள்ளானில் இருந்த பத்தரிடம் கொடுத்தார். அந்தப் பத்தர் அவர்கள் அம்மா காலத்தில் இருந்தே வீட்டுக்கு வேலை செய்பவர். கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கைக்குட்டையில் முடிந்து கொடுப்பார்கள், கைக்குட்டையில் முடிந்து தருவார்.

திரும்பி வந்த அட்டியலை ராஜேஸ்வரி ஆல்பத்துப் படத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறார். படத்தில் கல் ரத்தச் சிவப்பு. கையில் இருந்த கல்லில் ஒரு ரோஸ் சாயல்.

ஒரு காலை மூவரும் எங்கள் மாடிக்கு வந்தார்கள். ராஜேஸ்வரி முன்னால், பின்னால் பத்தர், கடைசியில் சரோஜினி. பத்தரை ராஜேஸ்வரிதான் தன் காரில் கிள்ளானுக்குப் போய்க் கூட்டி வந்திருந்தார். கூட்டி வந்த விதம், ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவதுபோல் இருந்தது. பத்தர் உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த கல்யாணப் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேற நகைக்கடையில காட்டினனாங்கள்" என்றார் ராஜேஸ்வரி. "கெம்புதான், நல்ல கல்லுதான் எண்டு சொல்லுகினம். ஆனா படத்தில இருக்கிற அதே கல்லோ எண்டு சொல்லத் தெரியாதாம். நீங்கள் அதே மாதிரித் திரும்ப ஒரு படம் எடுங்கோ. ரெண்டையும் பக்கத்தில வச்சா விளங்கும். பிறகு நான் போலீசுக்குப் போறன்."

"அம்மாட கழுத்தில எப்பிடி இருந்தது?" என்று சார் கேட்டார்.

"நல்ல ரத்தச் சிவப்பு. எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு."

சரோஜினி மெதுவாக, "எனக்கும் அப்பிடித்தான் ஞாபகம்" என்றார்.

அப்போதே எனக்கு ஒரு நெருடல். அம்மா அதைப் போட்டது கல்யாண மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில், எப்போதோ ஒரு தடவை. மகள்கள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தது எத்தனையோ தடவை. இவர்களுக்கு ஞாபகம் இருப்பது அம்மாவின் கழுத்தா, ஆல்பத்துப் படமா? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் வரவில்லை. எனக்கும் பத்தர் மேல்தான் சந்தேகம். முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறவரை எப்படி நம்புவது?

சார் என்னிடம், "கிரேஸ், இதை நீரே எடும். முதல்ல எடுத்தவன் நான். திரும்பவும் நானே எடுத்தால் சரியில்லை" என்றார். நான் வழக்கமாக வைத்திருக்கும் மேக்ரோ லென்ஸில், அதே கறுப்பு வெல்வெட்டில், அதே விளக்குகளில் எடுத்தேன். ராஜேஸ்வரி அட்டியலை எண்ணி எடுத்துக்கொள்வதுபோல ஒவ்வொரு முத்தாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவிடம் கொடுக்கவில்லை. அதை நான் கவனித்தேன். சரோஜினியும் கவனித்தார்.

ஸ்லைடு கழுவி வர நாளாகும். நடுவில் ஒரு மத்தியானம் பத்தர் தனியாக மாடி ஏறி வந்தார். நல்ல மழை. கையில் ஒரு பை ரம்புத்தான். சார் வெளியே போயிருந்தார்.

"வீட்டு மரத்துல காய்ச்சதும்மா. வச்சுக்குங்க."

"வேணாங்க" என்றேன். பழத்தைக் கொடுத்து என்ன கேட்கப் போகிறார் என்றுதான் மனசு ஓடியது.

அவர் பையைத் தரையில் வைத்தார். "அந்தப் பழைய படத்த ஒரு தடவ காட்டுவீங்களா? அன்னைக்குக் கிட்டப் போய்ப் பாக்க முடியல. அந்தம்மா ஆல்பத்தக் கையிலயே வச்சிருந்தாங்க."

ஸ்லைடைக் கையில் தர எனக்கு மனமில்லை. அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் நானே வைத்து, பூதக்கண்ணாடியை மட்டும் நகர்த்தினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

"இந்தச் செவப்பு நான் பாத்த செவப்பு இல்லம்மா. சரோஜினிம்மா என் கையில குடுக்கறப்பவே கல்லு இப்ப இருக்கற நெறத்துலதான் இருந்திச்சு. சாமி சத்தியமா."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எப்படிலா சொல்றது? சொன்னா என்ன அர்த்தம்? நான் மாத்தல, உங்க அக்காதான் மாத்திட்டு எங்கிட்டக் குடுத்தாங்கன்னு அர்த்தம். அந்த அம்மாவ நான் சின்னப் புள்ளையில இருந்து பாக்குறேன்." பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளி வைத்தார். "என்னைய உள்ள தள்ளினாலும் அத என் வாயால சொல்ல மாட்டேன். உங்ககிட்ட சொன்னதையும் மறந்துருங்க."

பழப்பையை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. அவர் நடிக்கிறார் என்றால் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான நடிப்பு இல்லை. தானே அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டு, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நடிக்கவில்லை என்றால் சரோஜினி திருடி. மகள் கல்யாணச் செலவுக்கு நல்ல கல்லை விற்றுவிட்டு மட்டக்கல்லை வைத்து, பழியைப் பத்தர் மேல் போட்டுவிட்டாரா? அன்று அவர் அவ்வளவு அமைதியாக இருந்தாரே. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. ராஜேஸ்வரி அட்டியலை அக்கா கையில் கொடுக்காமல் போனாரே, அவர் சந்தேகப்படுவது பத்தரையே அல்ல. போலீஸ் என்று சொன்னதும் அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்குத்தான்.

புது ஸ்லைடு வந்தது. இரண்டையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சந்தேகமே இல்லை, வேறு வேறு நிறம். பழையதில் ரத்தச் சிவப்பு, புதியதில் ரோஸ் ஓடிய சிவப்பு. முத்துகூட மாறியிருந்தது. பழையதில் நெய் நிறம், புதியதில் பால் நிறம். முத்தையும் மாற்றிவிட்டார்களா என்று நினைத்தேன்.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். எல்லாம் ஒரே பக்கம் சாயும். அதுதான் முடிவு என்று கை எழுந்துவிடும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லாம் ஒன்றுபோல மாறியிருந்தால், மாறியது எல்லாமும் இல்லை, அதைப் பார்க்கும் கண் என்று சந்தேகப்படுங்கள்.

எனக்கு அது அவ்வளவு தெளிவாக அப்போது தோன்றவில்லை. பழைய ஸ்லைடின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் தெரிந்தது. லாக்கரில் வைக்கும்போது நூலில் கட்டித் தொங்கவிட்ட சின்னச் சீட்டு. வெள்ளைச் சீட்டு. புது ஸ்லைடில் வெள்ளையாகவே இருந்த அது, பழையதில் தேத்தண்ணி ஊற்றிய நிறத்தில் இருந்தது. முத்தை மாற்றியவர் சீட்டையும் மாற்றுவாரா?

பூதக்கண்ணாடியை நடுக்கல்லின் மேல் வைத்தேன். நிறத்தை விட்டுவிட்டுக் கல்லுக்குள் பார்த்தேன். நிஜக் கல் எதுவும் உள்ளே சுத்தமாக இருக்காது. வலப்பக்கம் கீழே, பிளந்த மயிர் நுனிபோல ஒரு கீற்று. அதன் முனையில் ஒரு கறுப்புப் புள்ளி. புது ஸ்லைடில் அதே இடம். அதே கீற்று, அதே புள்ளி. கல் மாறவில்லை.

அப்படியென்றால் நிறம் ஏன் மாறியது? பிலிம் கெட்டதா, லேப்பில் கழுவியது தப்பா, விளக்கா? அதே ரோலில் அதற்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளை ஆர்க்கிட்டை எடுத்திருந்தார் சார். அந்த ஸ்லைடைத் தேடி எடுத்தேன். பூ வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரே பிலிம், ஒரே லேப், ஒரே விளக்கு. மிச்சம் இருப்பது லென்ஸ்தான்; அட்டியலுக்கு மட்டும் இன்னும் கிட்டப் போக நண்பர் கொடுத்த லென்ஸை மாட்டியிருக்க வேண்டும்.

அலமாரியைத் திறந்து, வெல்வெட்டைப் பிரித்து, லென்ஸை ஜன்னல் ஓரம் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடைய லென்ஸைப் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் தாள் தாளாகவே தெரிந்தது. சாருடையதில் பழைய பேப்பர்போலப் பழுத்துத் தெரிந்தது. அந்தக் காலத்துச் சில லென்ஸ்களில் கண்ணாடியோடு ஏதோ ஒரு கனிமத்தைச் சேர்த்துச் செய்வார்கள், அது வருஷக்கணக்கில் தானாகவே மஞ்சளாகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாது, கண் பழகிவிடும். கறுப்பு வெள்ளையில் தெரியவே தெரியாது.

சார் வந்ததும் காட்டினேன். ஜன்னல் ஓரம் நின்று லென்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"அவன் தந்தது" என்றார். பிறகு, "நாளைக்கு அவையள் வரும் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேயும்" என்றார்.

சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது லென்ஸைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். அலமாரி காலி.

எனக்கு அப்போது வந்த எண்ணத்தை மறைக்கப் போவதில்லை. எங்கள் படத்தை நம்பித்தான் வக்கீல்கள் வேலை அனுப்பினார்கள். ஒரு படம் தப்பு என்று தெரிந்தால் எல்லாப் படமும் தப்பாகிவிடும். லென்ஸ் தொலைந்துபோனால், பழைய ஸ்லைடும் எங்கேயோ தவறிப்போனால், இரண்டு படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது, மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். மாட்டிக்கொள்வது பத்தர் மட்டும். இரண்டு ஸ்லைடையும் ஆர்க்கிட் ஸ்லைடையும் ஒரு கவரில் போட்டு என் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்குத் தொழில் கொடுத்த மனிதரை நம்பாமல் கொண்டுபோனேன்.

மறுநாள் மூவரும் வந்தார்கள், சகோதரிகள் உட்கார்ந்தார்கள். பத்தர் நின்றார். சார் என்னிடம், "ஸ்லைடுகள் எங்க?" என்றார். பெட்டியைத் திறக்காமல் நான் கைப்பையைத் திறந்தேன். சார் அதைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"நானாயிருந்தாலும் அப்பிடித்தான் செய்திருப்பன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

தன் பையில் இருந்து லென்ஸை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்தார். "ராஜேஸ்வரி, இதுக்குள்ளால பாருங்கோ. தாள் என்ன நிறம்?"

"மஞ்சள்."

"நான் வீட்டில வெள்ளைச் சீலையில வச்சும் பாத்தன். என்ர கண் பிழையாயிருக்கக் கூடாதோ எண்டு பாத்தன். என்ர மனுசியும் மஞ்சள் எண்டுதான் சொன்னவ. இதால எடுத்த படம்தான் உங்கட ஆல்பத்தில இருக்கு. பிழை என்ர. பத்தர் ஒண்டும் செய்யேல்ல."

ராஜேஸ்வரி சாரையும் பத்தரையும் மாறி மாறிப் பார்த்தார். "போன கிழமை இவர் இந்தப் படியால இறங்கிப் போனதை நான் பாத்தனான். வெறுங்கையோட போனவர். வரேக்க என்ன கொண்டு வந்தவர்? எல்லாரும் கதைச்சு வச்சுத்தான் சொல்றீங்களோ?"

பத்தர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். தான் எதற்கு வந்தார், என்ன சொன்னார் என்பதை அங்கே அவரால் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. லைட் பாக்ஸைப் போட்டேன்.

"யாரையும் நம்ப வேணாம், ஆன்டி. நிறத்தப் பாக்காதீங்க. நடுக்கல்லுக்குள்ள வலப்பக்கம் கீழ ஒரு கோடு தெரியுதா? நுனியில புள்ளி. இப்ப இந்த ஸ்லைடு. இப்ப உங்க கையில இருக்கிற கல்லு."

பூதக்கண்ணாடியை அவரே பிடித்துக்கொண்டார். ஸ்லைடில் இருந்து கல்லுக்கும் கல்லில் இருந்து ஸ்லைடுக்குமாகப் போய் வந்தார்.

"முத்து? முத்தும் மாறியிருக்குதே."

"இந்தச் சீட்டும்தான் மாறியிருக்கு. வெள்ளைச் சீட்டு, படத்துல தேத்தண்ணி நிறமா இருக்கு. அதையும் பத்தரா மாத்தினாரு?"

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். சரோஜினிதான் முதலில் பேசினார்.

"நீ பத்தரைச் சந்தேகப்படேல்ல, ராஜி."

"அக்கா, படத்தில அப்பிடித்தான் இருந்தது."

"என்னைத்தான் நீ பாத்துக்கொண்டிருந்தாய். முதல் நாளில இருந்து."

ராஜேஸ்வரி இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரோஜினி நம்பியிருப்பார் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. அட்டியலைக் கைக்குட்டையில் முடிந்து அக்கா பக்கம் நகர்த்தினார். சரோஜினி அதைத் தொடவில்லை. "நீயே வச்சிரு" என்று எழுந்து போனார். கல்யாணத்தில் பெண் கழுத்தில் அட்டியல் இருந்ததாகவும், அதைச் சித்தி கொண்டுவந்து பூட்டிவிட்டு அப்படியே மண்டபத்தை விட்டுப் போய்விட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த லென்ஸில் கலர் எடுத்த வாடிக்கையாளர்கள் எல்லோரையும் சார் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னார். இரண்டு வக்கீல்கள் வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். லென்ஸை அவர் விற்கவும் இல்லை, எறியவும் இல்லை. நண்பருக்கு மட்டும் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னால், தெரிஞ்சுதான் தந்தன் எண்டு நினைக்கிறியோ எண்டு கேப்பான். இல்லையெண்டு நான் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான்" என்றார்.

கொஞ்ச நாள் கழித்துப் பத்தர் மறுபடியும் மாடி ஏறி வந்தார். கூடவே கிள்ளானில் இருந்து ஒரு வயதான அம்மா. அந்த அம்மாவின் தாலிக்கொடி அறுந்திருந்தது, பற்றவைக்க வேண்டும்.

"தொடறதுக்கு முன்ன ஒரு படம் எடுத்துக் குடுங்கம்மா" என்றார் பத்தர் என்னிடம். "இனிமே எல்லாத்தையும் இங்க கொண்டாந்து காட்டிட்டுத்தான் வேல செய்யப் போறேன்."

அந்த அம்மா கொடியை மேசையில் வைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்டு நகை பூரா இவரு கைதான். எம் மருமகளுக்குச் செஞ்சதும் இவருதான். ஒரு நாள் ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?" என்னைத்தான் பார்த்துப் பேசினார். "இப்ப எதுக்குப் படம்? நான் இவரத் திருடன்னு சொல்லிருவேன்னு நெனைக்கிறாரா?"

"அப்படி இல்லம்மா" என்றார் பத்தர். "படம் இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

"எனக்கு வராதே."

அவர் கொடியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கேமரா ஸ்டாண்டில் தயாராக இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினார். பத்தர் தண்ணீர் கேட்டார், குடித்தார். "நல்ல மனுஷி" என்று சொல்லிவிட்டு அவரும் இறங்கிப் போனார்.

ஜன்னலில் இருந்து பார்த்தேன். எதிரே பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்தர் இரண்டு தூண் தள்ளி வெயிலில் நின்றார். இருவருக்கும் கிள்ளான் பஸ்தான். பஸ் வந்ததும் அந்த அம்மா படியில் கால் வைக்கச் சிரமப்பட்டார். பத்தர் கையை நீட்டினார். அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினார். ஆனால் உள்ளே போனதும் அவர் முன்னால் உட்கார்ந்தார், பத்தர் நடந்து நடந்து கடைசி சீட் வரைக்கும் போனார்.